மஞ்சள் வைத்து மடித்த சேலைகள்

சௌம்யா வீட்டுக் கொலுவில் சீரியல் பல்புகள் மினுங்குகின்றன. கதவோரம் உட்கார்ந்து, லாத்தூர் பூகம்பத்தில் வீடிழந்த பெண்களுக்குப் போகும் சேலைகளை மடிக்கிறாள் பக்கத்து வீட்டு நஞ்சம்மா. ஒவ்வொரு மடிப்பிலும் மஞ்சள்தூளும் குங்குமமும் பொட்டலம் கட்டி வைக்கச் சொல்கிறாள் சௌம்யா.

"வெறும் சேலையாக் குடுக்கக் கூடாதுங்கக்கா. யாரு பெத்த புள்ளைகளோ, பாவம்."

அங்கே எவளுக்குப் புருஷன் மிஞ்சினான் என்று சௌம்யா கேட்கவில்லை. மூட்டையை ஏற்றிக்கொண்டு லாரி தெருமுனையில் திரும்புகிறது. கொலு பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் தாம்பூலத் தட்டை நீட்டிக்கொண்டே வருகிறாள் சௌம்யா. மாசியில் தாலி இழந்த நஞ்சம்மாவுக்கு முன்னால் மட்டும் தட்டு சட்டென்று விலகிப் போகிறது.

"அக்கா, நீங்க சுண்டல் எடுத்துக்கங்க."

நஞ்சம்மா நீட்டிய கையில், லாத்தூருக்குப் போன மஞ்சள் இன்னும் ஒட்டியிருக்கிறது.