எதிர்ப் பக்கத்துப் படை

"இத்தூண்டு பொம்மைக்கு இவ்ளோ சீராட்டாண்ணா?" என்று சிரித்தாள் காவேரி.

ஒரகடத்தில் கார் கண்ணாடி செய்யும் கம்பெனி அது. பேக்கிங் பிரிவில் டீ நேரம். திருமலையின் மடியில் ஒரு தகர பிஸ்கட் டப்பா. அதற்குள் கட்டைவிரல் உயரத்தில் ஈட்டி ஏந்திய சிப்பாய்கள், குதிரைகள், ஒரு யானை. போர் விளையாட்டுப் பொம்மைகள். ஒவ்வொன்றுக்கும் அவனே மீசை வரைக்கும் சாயம் தீட்டியிருந்தான்.

"சிரிக்காத. ஊதினாலே ஈட்டி ஒடிஞ்சிடும். மொதல்ல பஞ்சுல சுத்தி வச்சேன். பஞ்சு சிக்கினு, வெளில எடுக்கச்சொல்லவே நாலு பேரு காலி."

"கடையில இதுக்குன்னு பொட்டி விக்க மாட்டாங்களா?"

"விக்கறான். பொம்மைய விட பொட்டி வெல ஜாஸ்தி."

அதனால் அவன் வேறு வழி பார்த்திருந்தான். ஒவ்வொரு சிப்பாயின் காலடியிலும் ஒரு பொடிக் காந்தம் ஒட்டிவிட்டான். எல்லாம் தகரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றன. இடிபடாமல் இருக்கச் சுற்றிலும் ஃபோம் வேண்டும். சூப்பர்வைசரைத் தாஜா பண்ணிக் கழிவு ஃபோம் கேட்டு வாங்கியாயிற்று. காவேரி அதை அளவாக வெட்டிச் செருகி, மூடியை அழுத்தி, டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்கினாள். சத்தமே இல்லை.

"யாருக்குண்ணா இது?"

"என் ரூம்மேட் இசக்கிபாண்டிக்கு. வடக்குப்பட்டாண்ட ஒரு குடோன்ல நைட் செக்யூரிட்டி."

"ஒரே ரூம்தானே? அங்கயே குடுக்க வேண்டியதுதானே?"

"எங்கத்த குடுக்கறது? நான் உள்ள வரச்சொல்ல அவன் வேலைக்குக் கெளம்பியிருப்பான். அவன் வரச்சொல்ல நான் பஸ்ல இருப்பேன். ஞாயித்துக்கிழமை ஓ.டி. வேற. குடிவந்த அன்னிக்கு மூஞ்சியப் பாத்ததோட சரி."

அந்தப் பக்கத்து ரூம்களே அப்படித்தான். பகலுக்கு ஒருவன், இரவுக்கு ஒருவன். சாவி வீட்டுக்கார மீனம்மாளிடம் இருக்கும். ஆனால் திருமலைக்கும் இசக்கிக்கும் நடுவே ஒரு போர் நடந்துகொண்டிருந்தது. கட்டிலுக்கு அடியில் ஒரு பலகை. திருமலை காலையில் ஒரு சிப்பாயை நகர்த்தி, பகடையை உருட்டி, விழுந்தபடியே விட்டுவிட்டு வேலைக்குப் போவான். சாயங்காலம் வந்து குனிந்தால் எதிர்ப் படை நகர்ந்திருக்கும். யாரும் பார்க்காத இடத்தில், தனக்கு ஒன்றே விழுந்தாலும்கூட எதிராளி பகடையைத் திருப்பி வைத்ததில்லை. அப்படி ஒரு யோக்கியன்.

"மொதல்ல அவசரக்குடுக்கையா ஆடினு இருந்தான், காவேரி. பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்ததுலேர்ந்து ஆளே மாறிட்டான். செத்துப்போன என் சிப்பாயக்கூடத் தொடச்சி ஓரமா நிக்க வைக்கறான். அவன் இன்னா பண்ணி வச்சிருப்பான்னு பாக்கத்தான் எனக்கு ரூமுக்கே போவத் தோணும். வேற யாரு கீறாங்க எனக்கு இங்க? வீட்டுக்காரம்மா சாவிய நீட்டும், மூஞ்சியத் திருப்பிக்கும். அவ்ளோதான்."

அவனுடைய கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது. நாளை ஓசூருக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் அந்த ஒரே நண்பனின் முகத்தை இன்னொரு தடவை பார்த்து, இரண்டு படைகளையும் சேதாரமில்லாமல் அவன் கையில் கொடுத்துவிட வேண்டும். வேறு ஆசை எதுவும் அவனுக்கு இல்லை.

ஷிஃப்ட் முடிந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்தான். சாலையா அது! ஒவ்வொரு பள்ளத்துக்கும் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"இன்னா பிரதர், உள்ள முட்டையா?" என்று கேட்டார் டிரைவர்.

குடோன் வாசலில் இறங்கி, படபடப்போடு மூடியைத் திறந்து பார்த்தான். ஓர் ஈட்டிகூட ஒடியவில்லை. அப்பாடா! கேட்டில் நின்ற நடேசன் என்ற பெரியவரிடம் பெயரைச் சொன்னான்.

"இசக்கிபாண்டியா? பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் போனவன்தான்பா. அங்கயே வேல கெடச்சிடுச்சாம். அவன் எடத்துலதான் நான் நிக்கறேன்."

"சார், நல்லா யோசிச்சி சொல்லுங்க. அவன் லுங்கிகூட இன்னும் எங்க கொடியில தொங்கினு கீது. நேத்துகூட அவன்..." என்று இழுத்தான் திருமலை.

நேற்றுகூட எதிர்ப் படையின் குதிரை ஒன்று நகர்ந்திருந்ததே! பொங்கல் போய் இப்போது பங்குனி வெயில் கொளுத்துகிறது. இத்தனை நாளும் நண்பன் என்று நினைத்து யாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான்? இருந்த ஒரே ஆளும் இல்லை என்று ஆகிவிட்டது. திரும்பி வரும் வழியில் டப்பாவை அணைத்துப் பிடிக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ரூம் கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. மீனம்மாள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கட்டிலுக்கு அடியில் இருந்த பலகை அவள் முன்னால் காலியாகக் கிடந்தது. பிள்ளைகள் வெளிநாடு போனபின் தனியாகவே இருப்பவள். இன்று அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"அவன் காலி பண்ணிட்டுப் போனதச் சொல்லியிருந்தா நீ ஆட்டத்த நிறுத்தியிருப்பியே தம்பி," என்றாள், பலகையை அவன் பக்கம் தள்ளியபடி. "டப்பாவத் தொற. நான் இன்னும் இன்னிக்கு ஆட்டம் ஆடல."