தேய்பிறை மரம்

"இந்த மரத்துல நான் உளி வைக்க மாட்டேன்."

கொட்டகை வாசலிலேயே மறித்துக்கொண்டு சொன்னார் நிகிதாஸ். சாமோஸ் தீவில் படகு கட்ட அவரை விட்டால் ஆள் கிடையாது. அதனால் அவர் வைத்ததுதான் சட்டம்.

படகு கேட்டிருந்த மீனவன் பந்தேலிசுக்கு ஒன்றும் புரியவில்லை. பைன் மரம் வந்து இறங்கி எத்தனையோ நாளாயிற்று. மத்தி மீன் காலத்துக்குள் படகு தயாராகாவிட்டால் இந்த வருடப் பிழைப்பில் மண்தான்.

"மரத்துல என்னங்க குறை?"

"வளர்பிறையில வெட்டின மரம்னா புழு அரிச்சிடும். தேய்பிறையிலதான் வெட்டினாங்களான்னு கேட்டுட்டு வாங்க."

வெட்டியது கல்லிரோயி. பந்தேலிசின் சொந்த அக்கா. அப்பாவின் மலைச்சரிவைப் பங்கு பிரித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. மரம்கூட நிகிதாஸ் மூலமாகத்தான் வந்தது.

"நீங்களே கேட்டுடுங்களேன்."

"படகு உங்களுக்கா, எனக்கா?"

வேறு வழியில்லாமல் போனான். வேலிக்கு வெளியே நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டான்.

"தேய்பிறைதான்னு சொல்லு," என்றாள் அக்கா, தன் ஆட்டைப் பார்த்து.

மறுநாள் நிகிதாஸ் தாடியைச் சொறிந்தார். "வடக்குச் சரிவு மரமா, தெற்குச் சரிவு மரமா?"

"இதை நேத்தே கேட்டிருக்கக் கூடாதா?"

"நேத்து தோணலையே."

இம்முறை அக்கா வேலிக் கதவைத் திறந்துவிட்டாள். "வடக்குடா. ஏன்டா இப்படி இளைச்சுப் போயிட்டே? காபி குடிச்சிட்டுப் போ."

அதற்கும் அடுத்த நாள், "வெட்டின அன்னிக்குக் காத்து எந்தப் பக்கம் அடிச்சுது?" என்றார் நிகிதாஸ்.

பந்தேலிசுக்குத் தலை சுற்றியது. இவருக்கு மூளை குழம்பிவிட்டதா, இல்லை மரத்தை வேறு யாருக்காவது தள்ளிவிட்டாரா?

அக்காவிடம் சொன்னதும் அவள் பொங்கிவிட்டாள்.

"காத்தா? என் மரத்தையா குறை சொல்றான்? என் தம்பியையா அலைக்கழிக்கறான்? வாடா, நானே கேக்கறேன்!"

தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தவள், கொட்டகைக் கதவை ஓங்கித் தள்ளினாள்.

உள்ளே பாதிப் படகு நின்றது. விலா எலும்புபோல் வளைந்த மரங்கள் வரிசையாகப் பூட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் அக்கா அடையாளத்துக்கு வைத்த நீலப் பொட்டு.

பந்தேலிஸ் வாயைப் பிளந்தான். "உளி வைக்க மாட்டேன்னீங்க?"

"மரம் வந்த வாரமே பூட்டிட்டேன்," என்றார் நிகிதாஸ், வேலையை நிறுத்தாமல். "புதுப் படகைக் கடல்ல இறக்குறப்போ கூடப்பிறந்தவங்க எல்லாரும் கை வெச்சுத் தள்ளணும் இல்லையா? உங்க வீட்டுல ஒரு ஆள் குறைஞ்சுது."