நாலு மணி லாரி

"இந்தக் காலத்துல நல்லா ஓடுற ஒண்ணை ஓட விட யாருக்கும் மனசு வரல. பிரிச்சுப் போட்டாத்தான் தூக்கம் வருது," என்றார் மாமனார்.

மருமகள் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எதையும் பிரிக்கல மாமா. விண்டோஸை மட்டும் தூக்கிடுறேன். பாதி டிஸ்க்கை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. என் ஆபீஸ் ஃபைலுக்கு இடமே இல்ல."

"அப்போ என் லாரி?"

முப்பத்திரண்டு வருஷம் நிஜ லாரி ஓட்டி ஓய்ந்தவர். வீட்டில் இருந்த ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு இயங்குதளங்கள்; ஒன்றை அணைத்தால்தான் மற்றது திறக்கும். மகன் போட்டுக் கொடுத்த லாரி விளையாட்டு விண்டோஸ் பக்கம் இருந்தது. மருமகளின் ஆபீஸ் வேலை லினக்ஸ் பக்கம். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் அவள் எழுந்திருப்பது நாலு மணிக்குத்தான். அதுவும் அவர் வந்து நாற்காலிக்குப் பின்னால் நிற்பதால். லினக்ஸை அணைத்து விண்டோஸைத் திறந்து கொடுத்துவிட்டு, வேறு வழியில்லாமல் போய் முதுகைச் சாய்ப்பாள். ஐந்து வரை அவர் இடத்தை விட்டு அசைய மாட்டார்.

"உங்க லாரி இப்போ லினக்ஸ்லயே ஓடும் மாமா."

"ஓடும்னு விக்கிறவன் எல்லாரும்தான் சொல்லுவான். மேடு ஏறுறப்பத் தெரியும்."

"அதே லாரி, அதே ரோடு. நீங்க விட்ட இடத்துலேருந்தே ஓட்டலாம். பாருங்க."

திரையில் லாரி உறுமியது. கூடவே மூலையில் 'டிங்' என்றது.

"அது என்ன சத்தம்?"

"ஆபீஸ்ல கூப்பிடுறாங்க. இனிமே நீங்க ஓட்டும்போதும் வரும். நடுவுல நான் வந்து பதில் போட்டுட்டுப் போயிடுவேன். அணைச்சு அணைச்சுத் திறக்கிற தொல்லையே இல்ல."

"வேண்டாம். பழையபடியே இருக்கட்டும்."

"ஏன் மாமா இப்படி அடம் பிடிக்கிறீங்க?" என்றவள், திரையின் ஓரத்தைப் பார்த்து நின்றாள். "எட்டு மாசமா தினம் ஒரு மணி நேரம் ஓட்டுறீங்க. ஓடின தூரம் பூஜ்யம் கிலோமீட்டர்னு காட்டுது. வண்டி ஷெட்டை விட்டே கிளம்பலையே?"

மாமனார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நிஜ லாரியே ஓட்டி அலுத்தவனுக்குப் பொம்மை லாரி எதுக்கு? விண்டோஸ் பக்கம் போயிட்டா உன் ஆபீஸ்காரன் சத்தம் வராது, நீயும் கொஞ்சம் கண்ணை மூடுவ. இதுல அது நடக்குமா?" என்று முணுமுணுத்தபடி, அவள் பதிலுக்குக் காத்திராமல் வெளியே நடந்தார்.