முன்னங்காலில் பதினொன்று

"உனக்குக் கண்ணு தெரியலையா, இல்ல எண்ணத் தெரியலையா?"

பேராசிரியர் ஆய்வேட்டை மேசைமேல் போட்டார். மாணவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கடிக்கும் ஈ, தோலில் வந்து உட்கார்ந்ததும் காலால்தான் முதலில் ருசி பார்க்கும். முன்னங்காலின் கடைசிக் கணுவில் அதற்கென்று ரோமங்கள் உண்டு. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளை. பேராசிரியரின் புத்தகத்தில் அவை பதினொன்று. அவள் எழுதியிருந்தது ஒன்பது.

"அறுபது ஈ பார்த்தேன் சார். ஒண்ணுலகூட..."

"முப்பது வருஷமா எல்லாரும் பதினொண்ணுன்னு படிக்கிறான். நேத்து வந்த நீ ரெண்டைக் குறைக்கிறியா? வெள்ளிக்கிழமைக்குள்ள திருத்திக் கொண்டா. இல்லேன்னா என் கையெழுத்து கிடையாது."

வெள்ளி தாண்டினால் பதிவு ரத்து. ஐந்து வருட வேலை.

நேராக ஸ்லைடு அறைக்குப் போனாள். ஆய்வக உதவியாளர் ஊசி முனையில் ஓர் ஈயின் காலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சார் புத்தகத்துக்குப் பார்த்த அந்தப் பழைய ஸ்லைடு இருக்கா?"

"வாங்கிக் கட்டிக்கிட்டியா? முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கு."

சிரித்தபடி எழுந்து கதவைச் சாத்தினார். அலமாரியைத் திறந்து ஸ்லைடை எடுத்துத் தந்தார். வேறு யாரும் இதைச் செய்திருக்க மாட்டார்கள்.

நுண்ணோக்கியில் எண்ணினாள். பதினொன்று. திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள்.

"அண்ணே! இந்த ரெண்டுக்கும் அடியில, ரோமம் முளைக்கிற குழியே இல்ல. மேல சும்மா ஒட்டிக்கிட்டிருக்கு!"

"வேற காலு ரோமம். நான்தான் சரியா கழுவாம விட்டுட்டேன்."

"இதை ஆய்வுக் குழு முன்னாடி வெச்சாப் போதுமே. நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

"சொன்னேனே. புத்தகம் வந்த அன்னிக்கே சார்கிட்ட சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. அப்ப நான் தினக்கூலி. அடுத்த வாரமே வேலையை நிரந்தரமாக்கிக் கொடுத்தார்."

அவள் நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுத்தாள்.

அவர் ஸ்லைடை உருவி, துணியால் துடைத்து, அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"பதினொண்ணுன்னே எழுதிடும்மா. தங்கமான மனுஷன். உன்னையும் கைவிட மாட்டார்."