உத்தரவுக்குக் காத்திருந்த பலகை

விமான நிலையத்துத் துடைப்பம் சொன்ன கதை இது. நான் நேரில் பார்க்கவில்லை.

ஒரு காலையில் குடிநீர்க் குழாய் அலறியது: "பலகையக்கா, என் தண்ணியில சாக்கடை நாத்தம்! ஓடிவந்து என் கழுத்துல தொங்கு!"

'குடிக்காதீர்கள்' என்று எழுதிய பலகை சாமான் அறையில் பதறியது. பாதுகாப்பு ஒத்திகை நாளில் படம் பிடிக்க மட்டுமே வெளியே வந்து பழக்கம் அதற்கு.

"உத்தரவு வரட்டும்டா தம்பி."

"போட்டோவுக்கு மட்டும்தான் வருவியா? பால்புட்டியில பிடிக்கிறாங்கக்கா!"

உத்தரவு மதியம்தான் வந்தது. பலகை போய்த் தொங்கியபோது, ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதலுதவி அறைக்கு ஓடினாள். அன்றிலிருந்து பலகை யாரோடும் பேசுவதில்லையாம்.

பிறகு நானே போய்ப் பார்த்தேன். பலகையின் முதுகில், அதன் கண்ணுக்கு எட்டாத இடத்தில், எழுதியிருந்தது: "நாற்றம் வந்தவுடன் மாட்டவும். உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டாம்."