நீல விரிப்பு

அலுவலகமே கூடிச் செர்ரிப் பூ பார்க்கும் நாளில் மரத்தடியில் இடம் பிடித்து வைப்பது அந்த ஒசாகா அலுவலகத்தில் கடைசியாகச் சேர்ந்தவரின் வேலை. எழிலரசு விடிந்ததும் வந்து நீல விரிப்பை விரித்து, ஷூவைக் கழற்றி ஓரத்தில் வைத்துவிட்டு நடுவில் உட்கார்ந்தான். மதியம் ஊரிலிருந்து மனைவி சுகந்தி ஃபோனில் கூப்பிட்டாள்.

"மரத்தடியில உக்கார சம்பளமா? நம்மூர்ல சும்மாவே உக்காரலாமே." சிரித்துவிட்டு, "இன்னைக்காவது சொல்லிடுங்க. பாப்பா உங்களை ஃபோன் மாமாங்கிறா" என்றாள்.

"சொல்லிடறேன்."

வேலையை விட்டு ஊருக்குப் போகிறேன் என்பதை ஜப்பானிய மொழியில் மரத்திடம் பலமுறை சொல்லிப் பார்த்தான். சொல்லச் சொல்லக் குரல்தான் தளர்ந்தது. கால்கள் மரத்துப்போயின.

மாலையில் எல்லோரும் வந்தார்கள். மேலாளர் ஒகுரா கிளைகளை அண்ணாந்து பார்த்தார்.

"இப்படி ஒரு இடம் நமக்குக் கிடைச்சதே இல்லை. எழில்-சான், உங்க ஒப்பந்தத்தை நீட்டிச்சாச்சு. அடுத்த வருஷமும் நீங்கதான் இடம் பிடிக்கணும்."

"அப்பாடா, நான் தப்பிச்சேன்" என்றான் போன வருஷம் இடம் பிடித்த மொரி. எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள்.

ஒகுரா மதுப்புட்டியைச் சாய்த்தபடி காத்திருந்தார். எழிலரசு வாயைத் திறந்தான். பிறகு, அங்கே எல்லோரும் செய்வதுபோல, இரண்டு கைகளாலும் கோப்பையைப் பிடித்து நீட்டினான்.