போருக்கு முன்னால் ஒரு தூண்

சிரிக்கத்தான் போகிறீர்கள், கொஞ்சம் பொறுங்கள். முதலில் சண்டை.

செவ்வெறும்பும் கட்டெறும்பும் மோதி முடிக்கும்போதெல்லாம், செத்தவர்களின் பேர் செதுக்கித் தூண் கட்டுவது கறையானாரின் தொழில். கண் தெரியாது; ஆளைக் குரலால்தான் அறிவார். தூண் கட்டிக் கட்டி மனசே விட்டுப்போயிருந்தது.

அடுத்த சண்டைக்கு முந்தின நாள், செவ்வெறும்பு ராஜாவின் கட்டைக்குரல் அதட்டியது: “ஓய்! இந்தத் தடவை தூணை இப்பவே கட்டும். ரெண்டு படையிலும் ஒரு பேர் விடக்கூடாது. என் பேர் உச்சியில!”

அழுதுகொண்டே செதுக்கினார்.

விடிந்ததும் படைகள் வந்தன. அவரவர் பேரைப் படித்ததும், “வீட்டுல வேலை கிடக்கு” என்று காலடிகள் திரும்பி ஓடின.

“யோவ், உயிரோட இருக்கிற எனக்குத் தூணா? யார் சொன்னது?” என்றார் ராஜா நடுங்கி.

“நீங்கதானே, ராஜா!”

“நானா?”

“நானா?” என்றது மரக்கிளையிலிருந்து அதே கட்டைக்குரல்.

ஒரு ராஜா எப்படி ரெண்டு இடத்தில்? கறையானார் காதைத் தீட்டினார்; கிளையில் சிறகு படபடத்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே கத்தினார்: “அட, குரல் திருடுற மைனாப் பயலே, நேத்தும் நீயாடா!”